கேட் மாமாவின் கடிகாரம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் எல்லாருக்கும் மாமா. முதல் நாள் மூக்கு ஒழுக அழுதுகொண்டு வரும் பொடிசுக்கும் மாமா, மீசை அரும்பிய பையன்களுக்கும் மாமா, பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்களுக்கும் மாமா. தலை நரைத்த பெரியவர் ஒருத்தர்கூட, "மாமா, கேட்டைக் கொஞ்சம் திறங்க" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதுண்டு. உண்மையில் அங்கே ஒரே ஒருத்திக்குத்தான் அவர் மாமா. பள்ளிக்கூடத்தில் அது யாருக்கும் தெரியாது. ஆயிரம் பேர் கூப்பிடுகிற வார்த்தையையே அக்கா மகளும் கூப்பிட்டால் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது?

சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தவர் அவர்தான். கேட்டில் நிற்கிறவனுக்கு உள்ளே சொந்தம் இருந்தால், தும்மினாலும் சலுகை என்பார்கள்.

அவருடைய ராஜ்ஜியம் பெரியதில்லை. இரண்டு கதவு இரும்புக் கேட், அதற்குள் ஆள் குனிந்து நுழைகிற சின்னக் கதவு, பக்கத்தில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு ஸ்டூல், ஒரு ஃபிளாஸ்க், பிள்ளைகள் மறந்துவிட்டுப் போன குடைகள் ஒரு கட்டு. கூண்டின் நெற்றியில், தெருவைப் பார்த்தபடி ஒரு வட்டக் கடிகாரம். எதிர்க் கடைக்காரர்கூட ஷட்டரைத் தூக்குவதற்கு முன் அதைத்தான் பார்ப்பார்.

எல்லாம் இருந்தும் ஒரு காவலாளிக்கு வரக் கூடாத வியாதி ஒன்று அவருக்கு இருந்தது. 'முடியாது' என்று சொல்ல வாய் வராது. மறந்துபோன சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்த அம்மாவிடம் விதிப்படி, "ஆபீஸ்ல குடுங்க" என்று சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார். பையை வாங்கிக்கொண்டு மூன்றாவது மாடிவரை தானே ஏறிப் போவார். மூச்சு வாங்க இறங்கி வருவதற்குள் கேட்டில் இன்னும் இரண்டு பை காத்திருக்கும். நல்லவர் என்று பெயர் எடுத்தார். நல்லவர் என்ற பெயரை வைத்துக்கொண்டு கேட்டுக்குக் காவல் இருக்க முடியாது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அவருக்குச் சொந்தம் என்று இருப்பது அக்கா ஒருத்திதான். அவள் சின்ன வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவள். அந்தச் சம்பளத்தில் தம்பி படித்தார். படித்த லட்சணத்தில் கடைசிப் பரீட்சையில் கோட்டை விட்டார் என்பது வேறு விஷயம். அக்கா அன்றைக்குத் திட்டவில்லை. "சரி விடுடா, கையும் காலும் இருக்குல்ல" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவர் பல வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா இப்போது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். விடியுமுன்னே ஷிஃப்ட். வீட்டுக்காரர் இல்லை. பெண் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருக்கிறாள். அவளுக்குக் கீழே, ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஒரு குட்டித் தம்பி. அவனை எழுப்பிக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்துக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வருவது இந்தப் பெண்ணின் பொறுப்பு. காப்பகக் கதவைத் திறப்பதே பள்ளிக்கூடத்தில் மணியடிக்கப் போகிற நேரத்துக்குத்தான். அங்கிருந்து இரண்டு தெரு தாண்டி, பை முதுகில் குதிக்க ஓடி வருவாள். கூடப் படிக்கிறவர்கள் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எக்ஸ்பிரஸ் என்றால் தாமதமாகத்தானே வரும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கடைசிப் பருவம் தொடங்கிய அன்று காலை அசெம்பிளியில் துணை முதல்வரம்மா மைக்கைப் பிடித்தார். கேட்டில் நின்றபடி மாமாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசி வகுப்புப் பிள்ளைங்க மட்டும் நல்லாக் கேட்டுக்குங்க. இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்துட்டு, போறபோது ஆடிட்டுப் போற பழக்கம் இங்க வேணாம். சட்டையில கையெழுத்துப் போடறது, மை அடிக்கறது, சேரைக் கொண்டுபோய் மொட்டை மாடியில வைக்கறது, போன வருஷம் யாரோ என் ரூம் கதவுல பலூன் கட்டினாங்களே, அது, எதுவும் கூடாது. கடைசி நாள் கட்டிப்பிடிச்சு அழறதுன்னா வீட்டுக்குப் போய் அழுங்க. முக்கியமா, நேரத்துக்கு வரணும். மணி அடிச்சு அஞ்சு நிமிஷம் கேட் திறந்திருக்கும். அப்புறம் மூடிடும். மூணு தடவை மூடின கேட்டுக்கு வெளியில நின்னா, உங்க நன்னடத்தைச் சான்றிதழ்ல 'நன்று'ன்னு இருக்காது, 'திருப்தி'ன்னு இருக்கும். காரணம் கேக்க மாட்டேன். ஒருத்தர் காரணத்தைக் கேட்டா எல்லார் காரணத்தையும் கேக்கணும்."

பலூன் என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அக்கா மகளுக்கு நர்ஸிங் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. அக்கா வேலை பார்க்கிற அதே மருத்துவமனைதான். அம்மா துவைத்துக் கொடுக்கிற உடுப்பை மகள் போட்டுக்கொண்டு வார்டுக்குள் நடப்பாள் என்று அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! அந்த இடத்துக்கு மதிப்பெண் இருந்தது, உடல் தகுதி இருந்தது. பாக்கி இருந்தது நடத்தை 'நன்று' என்ற ஒரு வார்த்தை. 'திருப்தி' என்றால் எடுக்க மாட்டார்கள். நோயாளியைத் தொடப் போகிறவளின் நடத்தை வெறும் திருப்தியாக இருந்தால் போதாதாம்.

அறிவிப்பு வந்த இரண்டே வாரத்தில் அவள் இரண்டு தடவை மூடிய கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். இரண்டு தடவையும் மூடியது மாமாவின் கைதான். கம்பிக்கு அந்தப் பக்கம் வியர்த்து நின்றவள், "சாரி மாமா" என்றாள். என்னவோ அவள்தான் அவருக்குத் தப்புச் செய்தது மாதிரி. அக்கா லீவு போட்டுவிட்டு வந்து துணை முதல்வரம்மாவைப் பார்த்தாள். அவர் உட்காரவைத்துப் பேசினார், தண்ணீர் கொடுத்தார், வருத்தப்பட்டார். பதில் மட்டும் அசெம்பிளியில் சொன்ன பதில்தான்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். கடிகாரத்தைத் துடைப்பதுபோல் துணியை எடுத்தார். முள்ளைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு இறங்கினார். வாழ்க்கையில் அவர் செய்த முதல் திருட்டு அது, அதுவும் நேரத்தைத் திருடினார்.

மறுநாள் அவள் ஓடி வந்தபோது முள் இன்னும் கேட் மூடுகிற நேரத்துக் கோட்டைத் தொடவில்லை. தலையைக் குனிந்து சின்னக் கதவுக்குள் நுழைந்தாள். "அப்பாடா, இன்னைக்கு ஜெயிச்சுட்டேன் மாமா!" என்றாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

ஆபீஸ் பையன் உள்ளே மணியடிப்பது ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்து. கேட் மூடுவது இந்தக் கடிகாரத்தைப் பார்த்து. இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி வளர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்த ஒன்றிரண்டு பிள்ளைகளும், ஆபீஸ் மணிதான் வேகமாக ஓடுகிறது, மாமா கடிகாரம்தான் கரெக்ட் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். மாமாவைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

விஷயம் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நேரம் கொஞ்சம் கிடைத்தால் மனுஷன் சும்மா இருக்க மாட்டானே. எக்ஸ்பிரஸ் ஓடுவதை நிறுத்தினாள். இதற்கு முன் காப்பக வாசலில் தம்பியை ஆயாவின் கையில் திணித்துவிட்டு, அவன் வீறிட்டு அழ அழத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வருவாள். இப்போது உள்ளே போய், ஷூவைக் கழற்றிவிட்டு, அவன் அழுது ஓயும்வரை மடியில் வைத்திருந்தாள். அவன் ஜன்னலில் நின்று கையாட்டுவான், இவள் தெருமுனைவரை திரும்பித் திரும்பிக் கையாட்டுவாள். தெருமுனையில் திரும்பினால் கடிகாரம் தெரியும். முள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும். நடந்தே வருவாள்.

அவள் மெல்ல வர வர, மாமா ஸ்டூலில் ஏறுவதும் கூடியது. துடைத்துத் துடைத்து அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பளிச்சென்று இருந்த பொருள் அந்தக் கடிகாரம்தான். கடைசி வகுப்பே ஆடி அசைந்து வர ஆரம்பித்தது. ஒரு நாள்கூட யாரும் வெளியில் நிற்கவில்லை. இந்த வருஷத்துப் பிள்ளைகள்போல் நேரம் தவறாதவர்களை நான் பார்த்ததே இல்லை என்று துணை முதல்வரம்மா அசெம்பிளியில் மனதாரப் பாராட்டினார். கேட்டில் நின்றவருக்குக் காது சுட்டது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் துணை முதல்வரம்மாவே கேட்டுக்கு வந்தார். "நாளைக்கு நானே வந்து நிக்கறேன். கடைசி நாள் பாருங்க, கையில மையோட வருவாங்க" என்றார். பேசிக்கொண்டே தலையைத் தூக்கினார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். மறுபடி தலையைத் தூக்கினார்.

மாமா கடிகாரம் துடைக்கிற துணியை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"பாவம், பேட்டரி தீர்ந்துபோச்சு போல. மெதுவா ஓடுது. நீங்க ஆபீஸ்ல கேட்டிருக்கலாமே? கேக்கவே மாட்டீங்களே எதையும்" என்றார் துணை முதல்வரம்மா. தன் அறைக்குப் போய், மேஜை டிராயரிலிருந்து புது பேட்டரி எடுத்துக்கொண்டு தானே திரும்பி வந்தார். மாமா ஸ்டூலில் ஏற, கீழே நின்று அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, மாமா முள்ளை முன்னால் நகர்த்தினார். "போதும், கரெக்ட்" என்றார் அவர். ஒரு சந்தேகப் பார்வை பார்த்திருந்தாலாவது மாமா அதைப் பிடித்துக்கொண்டு உண்மையைக் கக்கியிருப்பார். அவரோ, "பார்த்து இறங்குங்க, கால் வழுக்கப் போகுது" என்றார்.

சாயங்காலம் மாமா நேரே அக்கா வீட்டுக்குப் போனார். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனார். வழியெல்லாம் வார்த்தையை அடுக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தார். கதவைத் திறந்த அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"வாடா! உன்னைத்தான் நினைச்சேன். மேடம் பாராட்டினாங்களாமே? என் பொண்ணு திருந்திட்டாடா. இத்தனை வாரமா ஒரு நாள் லேட் இல்ல. ராத்திரி நான் எவ்வளவு பயந்திருக்கேன் தெரியுமா? அவளே பொறுப்பா மாறிட்டா."

உள்ளே அக்கா மகள் மறுநாளுக்கான யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். குட்டித் தம்பி மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தான். மாமா தொண்டையைக் கனைத்தார். அவள் நிமிர்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்து, 'நீ திருந்தவில்லை பாப்பா, நான்தான் முள்ளைத் திருப்பினேன்' என்று எப்படிச் சொல்வது? அக்கா தட்டை வைத்தாள். மாமா சொல்ல வந்ததைச் சாப்பாட்டோடு சேர்த்து மென்று விழுங்கினார்.

எழுந்து போகும்போது மட்டும், "நாளைக்குச் சீக்கிரம் வந்துடு பாப்பா" என்றார்.

"நான்தான் இப்பல்லாம் லேட்டே ஆகறதில்லையே மாமா" என்று சிரித்தாள்.

"இல்ல, நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே..."

"அட, அவளுக்குத் தெரியாதாடா? நீயும் உன் கேட்டும்!" என்று அக்கா அவர் முதுகில் தட்டி அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலை கடைசி வகுப்பு முழுவதும் போட்டோ எடுக்கிற ஆசையில் முன்கூட்டியே வந்துவிட்டது. மணியடித்தது. துணை முதல்வரம்மா கேட்டுக்குள்ளே நின்றார், பக்கத்தில் மாமா. ஒவ்வொரு தலையாக உள்ளே போனது. மாமா எதிர்பார்த்த தலை வரவில்லை. தெரு வெறிச்சென்று ஆனது. முள் கோட்டைத் தொட்டது.

"மூடிடலாம்" என்றார் துணை முதல்வரம்மா.

மாமா பெரிய கதவுகளைச் சேர்த்தார். தினமும் தன் கையால் எண்ணெய் விட்டு வழுவழுவென்று வைத்திருந்த தாழ்ப்பாளை இழுத்து, இறுகிக்கொண்டதுபோல் பாசாங்கு செய்தார். தூக்கினார், விட்டார், மறுபடி தூக்கினார். அப்போதுதான் தெருமுனையில் அவள் திரும்பினாள். தலையை வாரிப் பின்னி, இஸ்திரி கலையாமல், நடந்து வந்தாள். அவசரமே இல்லை. தம்பி அழுது ஓயும்வரை இருந்துவிட்டுத்தான் வந்திருப்பாள்.

மேடத்துக்குத் தெரியாமல் இடுப்புக்குக் கீழே கையை வைத்து, வா வா, ஓடி வா என்று மாமா விரலை ஆட்டினார். அவள் பார்த்தாள். கடைசி நாளில் மாமா கையாட்டுகிறார் என்று நினைத்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பாக அவளும் கையாட்டினாள்.

"என்ன, மாட்டிக்கிச்சா? நான் பிடிக்கறேன் இருங்க" என்று துணை முதல்வரம்மா வந்து கதவை ஒரு தள்ளு தள்ளினார். தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். கம்பியைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பிறகு தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது.

"இது எத்தனாவது தடவை?" என்று கேட்டார் துணை முதல்வரம்மா.

"மூணாவது மேடம்." பொய் சொல்லத் தெரியாத குடும்பம், ஒருத்தரைத் தவிர. "ஆனா முதல் ரெண்டு வாரத்துக்கு அப்புறம் நான் லேட்டே இல்ல மேடம். மாமாவைக் கேட்டுப் பாருங்க."

துணை முதல்வரம்மா திரும்பினார். "அப்படியா?"

"ஆமா மேடம்" என்றார் மாமா. "மேடம், இந்தக் கடிகாரம்..."

"அதான் நேத்து சேர்ந்து சரி பண்ணினோமே. இப்ப நிமிஷம் பிசகாது."

சொல்ல வேண்டியது மாமாவின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கடிகாரம் இத்தனை வாரம் பொய் சொன்னது என்று ஒப்புக்கொண்டால், இவள் நேரத்துக்கு வந்ததாகச் சொன்ன ஒவ்வொரு நாளும் தாமதமாகிவிடும். இப்போது மூன்று தடவை, உண்மையைச் சொன்னால் எண்ண முடியாத தடவை. இவளோடு போகாது, உள்ளே போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும் பாதி வகுப்பும் மாட்டும். வாயை மூடினால் அக்கா மகள் போகிறாள், திறந்தால் எல்லாரும் போகிறார்கள், அவளும் சேர்ந்து. இருதலைக் கொள்ளி எறும்புக்காவது ஓடிப் பார்க்க இடம் இருக்கும்.

"எனக்கும் கஷ்டமாத்தாம்மா இருக்கு. நேத்து ஒருத்தன் ஃபிரண்டு சட்டையில ஒரே ஒரு எழுத்து எழுதினான். அவனுக்கும் 'திருப்தி'தான் போட்டேன். உனக்கு மட்டும் நான் எப்படி மாத்தறது?" என்றார் துணை முதல்வரம்மா. நிஜமாகவே அவர் குரல் கம்மியது. சின்னக் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டார். அவள் குனிந்து நுழைந்தாள். "சாரி மாமா" என்றாள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் விளக்கு போட்டிருந்தது, முகத்தில் வெளிச்சமில்லை. மாமா உள்ளே வந்தபோதும் அக்கா எழுந்திருக்கவில்லை.

"நான் உன்கிட்ட எதுவும் கேட்டதே இல்லடா. இத்தனை வாரம் நேரத்துக்கு வந்த பொண்ணு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் பிந்திடுச்சு. உன் கை தானே அந்தக் கேட்டுல இருக்கு? எல்லாருக்கும் இரக்கப்படுவியே, அவளுக்கு ஒரு நிமிஷம் திறந்து வைக்கக் கூடாதா?"

மகள் குட்டித் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள்.

"மாமா என்னம்மா பண்ணுவாரு? மேடம் பக்கத்துலயே நின்னாங்க. தாழ்ப்பாளைக்கூட மெதுவாத்தான் போட்டாரு, நான் பார்த்தேன். தப்பு என்னுதுதான்" என்றாள் மகள்.

பயிற்சி இடம் போய்விட்டது. அடுத்த வருஷம் வேறெங்காவது பார்க்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். சான்றிதழில் 'திருப்தி' அடுத்த வருஷமும் 'திருப்தி'யாகத்தான் இருக்கும் என்பதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அதுவரை சும்மா இருப்பானேன் என்று அக்கா சலவைப் பிரிவில் பேசி, விடிகாலை ஷிஃப்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பகல் ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டாள். குட்டிப் பையனை இப்போது அக்காதான் காப்பகத்தில் விடுகிறாள். மாமாவோடு பேசுகிறாள், சாப்பிடச் சொல்கிறாள். முதுகில் தட்டுவது மட்டும் நின்றுபோனது.

மாமா இப்போதெல்லாம் இருட்டு விலகுமுன்னே வேலைக்கு வந்துவிடுகிறார். முதல் காரியமாக ஸ்டூலில் ஏறி, செல்போனைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிபார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் அக்கா மகள் எதிர்ப்பக்கமாக வருவாள். தோளில் பள்ளிக்கூடப் பை இல்லை, சாப்பாட்டு டப்பா வைத்த துணிப்பை. மருத்துவமனைக்குப் போகிற வழி அந்தக் கேட்டைத் தாண்டித்தான். கையில் செல்போன் இருக்கிறது, இப்போது அவளுக்குப் பள்ளிக்கூடத்தின் செல்போன் தடையும் இல்லை. இருந்தும் அதைப் பார்க்க மாட்டாள். கேட்டுக்கு நேரே வந்ததும் தலையைத் தூக்கி மாமா கடிகாரத்தைத்தான் பார்ப்பாள்.

"ஐயோ, நேரமாச்சு மாமா" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பிப்பாள்.